பீப்பாய் லைனைக் கேட்ட மைக்

பங்குனி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, கருவாட்டுக்கடை ஏகவள்ளி காசிமேட்டில் இருக்கும் தன் தம்பிக்கு போன் போட்டு, நெத்திலி வந்ததா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்த கேள்வியின் பாதியில், பீப்பாய் லைன் மக்களின் சத்தம் மைக்குகளுக்குக் கேட்காமல் போனது. தம்பி, "அக்கா, அக்கா, லைன்ல இருக்கியா?" என்று கத்தியது இவளுக்கு நன்றாகக் கேட்டது. "லைன்லதான்டா இருக்கேன், பொறந்ததுலேருந்து இந்த லைன்லதான்டா இருக்கேன்!" என்று இவள் திருப்பிக் கத்தியது ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது, தம்பிக்கு மட்டும் கேட்கவில்லை.

பீப்பாய் லைன் என்பது வட சென்னையில் ரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் நடுவில் ஒரே வரிசையாக நிற்கும் இருபத்தாறு வீடுகள். ஒரு காலத்தில் அங்கே தார் பீப்பாய்களை இறக்கிவைத்திருந்தார்கள், தார் போன பிறகு பீப்பாய்களைத் தட்டி விரித்துச் சுவராக்கி எங்கள் அம்மாக்களும் அப்பாக்களும் குடியேறினார்கள், நாங்கள் அந்தச் சுவர்களுக்கு உள்ளே பிறந்து, அந்தச் சுவர்களில் உயரம் குறித்து வளர்ந்து, அந்தச் சுவர்களிலேயே கல்யாணப் பத்திரிகை ஒட்டினோம். வெயில் ஏறினால் இன்றைக்கும் தார் வாசம் வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்கள் போகட்டும், நாங்கள் யாரையும் விருந்துக்குக் கூப்பிடவில்லை. பதினேழாம் நம்பர் வீட்டுக்காரி நான்.

அன்றைக்கு முதலில் போனைத் திட்டினோம், அப்புறம் டவரைத் திட்டினோம், அப்புறம் ஏகவள்ளியின் தொண்டையைத் திட்டினோம், மத்தியானத்துக்குள் இருபத்தாறு வீட்டுக்கும் இதே கதி என்று தெரிந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். எங்களுக்குள் பேசினால் கேட்டது, பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் கேட்டது, மைக் வைத்த எந்தச் சாமானுக்கும் கேட்கவில்லை. லைனைத் தாண்டி எங்கே போனாலும் அது எங்கள் கூடவே வந்தது. எங்கள் நாய் குரைப்பும் சேவல் கூவலும் எங்கள் தட்டுமுட்டுச் சாமான் உருளும் ஓசையும்கூடப் பதிவாகவில்லை, ஆனால் கடந்துபோகும் ரயில் பதிவானது, எங்கள் கூரையில் உட்காரும் காக்கை பதிவானது, அதே காக்கை இரண்டு நாள் எங்கள் சோற்றைத் தின்றால் மூன்றாம் நாள் அதுவும் பதிவாகாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் ஸ்பீக்கரில் சொன்ன செபம் தெரு முழுக்க ஒலித்தது, நாங்கள் சொன்ன ஆமென் வரவில்லை. ஆண்டவருக்குக் கேட்டிருக்கும் என்று ஃபாதர் சொன்னார், ஆண்டவரிடம் எங்களுக்குப் புகார் இல்லை.

தண்ணி லாரி வரும் நேரத்துக்குப் பழகிக்கொள்வதைப்போல இதற்கும் ஒரே மாதத்தில் பழகிக்கொண்டோம். எழுதத் தெரிந்தவர்கள் போனில் எழுதி அனுப்பினார்கள், தெரியாதவர்கள் பக்கத்துத் தெரு தையல்காரர் வேதமாணிக்கத்தைப் பக்கத்தில் நிறுத்தி அவர் வாயால் பேசினார்கள். அவர் மகா மரியாதைக்காரர், நாங்கள் சொல்லும் வசவையெல்லாம் வடிகட்டிவிட்டு மீதியை மட்டும் போனில் சொல்வார், அதனாலேயே ஒன்பது வருஷமாகப் பேசாமல் இருந்த சம்பந்தி வீடு ஒன்று சேர்ந்தது. ஓட்டுக் கேட்டு வந்தவருக்கு மாலை போட்ட கையோடு அவர் மைக்குக்கு நேராக வாயை வைத்து, அவர் குலத்தையே இழுத்துத் திட்டிவிட்டு வந்தாள் ஏகவள்ளி. அவருக்குக் கேட்டது, ஊருக்குக் கேட்கவில்லை, அவர் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். இது ஏன் நடந்தது என்று லைனில் ஒருவரும் கேட்கவில்லை, கேட்டுப் பதில் வந்த காரியம் எங்கள் பக்கம் ரொம்பக் குறைவு.

சித்திரையில் அளவெடுக்க ஒரு இன்ஜினியர் வந்தார். கால்வாய் ஓரமாக நடைப்பயிற்சிக்குப் பாதை போடப் போகிறார்களாம், காலையில் நடந்து உடம்பைக் குறைக்க வேண்டியவர்கள் நகரத்தில் நிறைய இருக்கிறார்களாம், எங்கள் இருபத்தாறு வீடும் அந்தப் பாதையின் மேல் உட்கார்ந்திருக்கிறதாம். அவர் ஒன்பதாம் நம்பர் வீட்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, கூட வந்தவரிடம், "இதெல்லாம் ஒரு வீடா? ஊதினா பறந்துடும்" என்று சொல்லி, கன்னத்தை உப்பிக்கொண்டு உஃப் என்று ஊதியும் காட்டினார். கூட வந்தவர் சிரித்தார். வீடு பறக்கவில்லை, உள்ளே உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்த பெர்பெத்துவாவின் காதில் மட்டும் அது விழுந்தது.

பெர்பெத்துவாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பகலில் ஃபேன், மிக்ஸி, தண்ணீர் மோட்டாருக்கு வைண்டிங் கட்டுவாள், சாயங்காலத்தில் கல்யாணக் கச்சேரிகளிலும் கோயில் திருவிழாக்களிலும் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பாள். பழைய ரேடியோக்களின் வால்வுகளைப் பிடுங்கி, மாம்பழப் பெட்டிப் பலகையை இழைத்து, எங்கள் லைனில் உட்கார்ந்தே அவள் செய்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று உண்டு. கிடாரில் மைக் கிடையாது, காந்தமும் காயிலும் கம்பியின் ஆட்டத்தை நேராக எடுத்து ஆம்புக்கு அனுப்பிவிடும், அதனால் எங்கள் குரல் போன பிறகும் அவள் கிடார் கணகணவென்று ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த ஆம்புக்கு முன்னால் எந்த மைக்கை வைத்தாலும் ஏறவில்லை. எங்கள் லைனில் பிறந்த ஆம்பு, அதற்கும் எங்கள் கதிதான்.

ஆனி மாதம் சமூகக்கூடத்தில் ஆட்சேபணை கேட்கும் கூட்டம் நடந்தது. இருபத்தாறு வீட்டிலிருந்தும் ஆள் போய்ப் பேசினோம். பெர்பெத்துவா பதினொரு நிமிஷம் பேசினாள், நான் பேசினேன், ஏகவள்ளி அழுதும் பேசினாள் வைதும் பேசினாள். மேடையில் இருந்த விசாரணை அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மூன்றாம் வாரம் வந்த கடிதத்தில், கூட்டத்தின் ஒலிப்பதிவு பரிசீலிக்கப்பட்டது என்றும், அதில் மின்விசிறியின் ஓசை தவிர வேறெதுவும் இல்லை என்றும், ஆகவே ஆட்சேபணை எதுவும் பதிவாகவில்லை என்றும் இருந்தது.

பதிவாகவில்லை. அந்த ஒரு வார்த்தையை நாங்கள் எத்தனை நாள் மென்றோம்! பிறந்தால் பதிவு, செத்தால் பதிவு, கல்யாணத்துக்குப் பதிவு, மைக்கில் ஏறினாலும் பதிவு, சர்க்கார் நோட்டில் ஏறினாலும் பதிவு. கண்ணுக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்திய நூற்றுச் சொச்சம் பேரைவிட அந்த வார்த்தை பெரிதாகிவிட்டது. எழுதிக் கொடுக்கிறோம் என்று மனு போட்டோம். வாய்மொழி விசாரணையில் பதிவானது மட்டுமே செல்லும், வேண்டுமானால் மறுவிசாரணை ஒரே ஒரு முறை கேட்கலாம் என்று பதில் வந்தது. கேட்டோம். இருபத்திரண்டு நாள் தள்ளித் தேதி கொடுத்தார்கள்.

"இந்தத் தடவ அவங்க மைக்குல நாம பேச வேணாம்" என்றாள் பெர்பெத்துவா. "நம்மள எது கேக்குதோ அந்த மைக்க நாமளே எடுத்துக்கினு போவோம்."

மைக்குக்கு தஸ்தகீர் பாய்தான். எங்கள் பக்கத்து நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முப்பத்துநாலு வருஷமாக மைக் செட் கட்டுகிறவர், அடுத்த தெருக்காரர், சோறு அவர் வீட்டில், டீ மட்டும் எங்கள் லைனில். பெர்பெத்துவாவின் வீட்டு வைண்டிங் கடையில் ஆம்பை நடுவில் வைத்து மத்தியான நேரங்களில் மைக் பொறுக்க ஆரம்பித்தார்கள். ஆளை நிறுத்திப் பேசவைத்துப் பார்க்கலாமே என்று பாய் சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"மனுஷன் தொண்ட நாளுக்கு ஒரு மாதிரி, பாய். ஆம்பு அப்பிடி இல்ல. எப்ப தட்டுனாலும் ஒரே சத்தம். நம்ம சத்தம். இது எதுல ஏறுதோ அதுல நாமளும் ஏறுவோம்."

கையில் பிடித்துப் பாடும் மைக்கை ஆம்பின் ஸ்பீக்கர் துணிக்கு நேராக வைத்தார்கள், ஏறவில்லை. பட்டிமன்ற மேசையில் வளைந்து நிற்கும் மைக், டிரம்முக்கு வைக்கும் குண்டு மைக், சட்டையில் குத்தும் மைக், நாற்பத்தெட்டு வோல்ட் கொடுத்தால்தான் கண் திறக்கும் ஸ்டுடியோ மைக் என்று ஒவ்வொன்றாக வைத்து, நெருக்கி வைத்து, விலக்கி வைத்து, கூம்பின் நடுவில் வைத்து, ஓரத்தில் வைத்து, பதினாலு நாள் ஓடியது. ரெக்கார்டரில் ரயில் ஏறியது, பாயின் இருமல் ஏறியது, கிடார் ஏறவில்லை. கடைசியில் பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "கிடார் ஆம்புக்கு ரிப்பன் மைக்தாம்மா ராஜா. மத்த மைக்கெல்லாம் ஆம்போட குத்தல மட்டும் எடுக்கும். ரிப்பன் சதையும் சேத்து எடுக்கும். அத வச்சுப் பாத்துருவோம்" என்றார்.

ரிப்பன் மைக்குக்குள் இரண்டு காந்தம் நிற்கும், நடுவில் ஈர்க்குச்சி அகலத்தில், மூச்சுப் பட்டாலே ஆடும் அலுமினியத் தாள் ஒன்று தொங்கும். அதற்கு முதுகு கிடையாது, முன்னால் எவ்வளவு கேட்குமோ பின்னாலும் அவ்வளவே கேட்கும், இரண்டு பக்கவாட்டும் செவிடு. வடபழனி ஸ்டுடியோவில் பாய் கெஞ்சி வாங்கி வந்த ரிப்பன் மைக்கோடு ஒரு சீட்டும் வந்தது. அதில் முதல் வரியே, ஊதக் கூடாது.

இங்கேதான் சிக்கல். எங்கள் பக்கம் மைக்கைக் கையில் வாங்கியவன் முதலில் ஊதுவான். ஃபூ, ஃபூ, ஹலோ மைக் டெஸ்டிங் என்று சொல்லாமல் ஒரு பிணம் எடுத்ததில்லை, ஒரு தாலி கட்டியதில்லை. முப்பத்துநாலு வருஷத்தில் தஸ்தகீர் பாய் ஊதிய ஊதலையெல்லாம் சேர்த்தால் கால்வாயில் ஒரு பாய்மரக் கப்பலை விட்டிருக்கலாம், மைக்கைக் கண்டதும் அவர் உதடு அவரைக் கேட்காமலே குவியும். அதனால் அவர் கைக்குட்டையை எடுத்துத் தன் வாயைத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டு அந்த இரவல் ரிப்பன் மைக்கைப் பொருத்தினார். அதில் முன்னால் வாசித்த கிடாரும் ஏறவில்லை, பின்னால் நின்ற நாங்களும் ஏறவில்லை, அன்று காலையில்தான் லைனுக்கு வந்து சேர்ந்த ஒரு புதுக் காக்கை மட்டும் தெளிவாக ஏறியது. மைக்கைத் துடைத்துப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மிஞ்சியது பாயின் சொந்த ரிப்பன் மைக். மூடிப்போன ஒரு நாடகக் கொட்டகையின் சாமான்களோடு ஏலத்தில் வந்தது, அவர் மனைவியின் டிரங்குப் பெட்டியில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் பல வருஷம் கிடந்தது. அதைக் கடைக்குக் கொண்டுவந்த நேரத்தில் ஏகவள்ளி டீ கொடுத்தாள். டீ குடிக்கக் கைக்குட்டையை அவிழ்த்தவர், குடித்து முடித்த கையோடு உறையிலிருந்து மைக்கை எடுத்தார், முகத்துக்கு நேரே கொண்டுபோனார், ஃபூ, ஃபூ என்று ஊதி, "ஹலோ மைக் டெ..." என்று அப்படியே நின்றார். உள்ளே தாள் இரண்டாகத் தொங்கியது.

பாய் தரையில் உட்கார்ந்து பெரிய குரலில் அழுதார். வெள்ளிக்கிழமை விசாரணை, அன்றைக்குச் சனிக்கிழமை, ஆறே நாள். பெர்பெத்துவா திட்டுவாள் என்று எல்லாரும் ஒதுங்கி நின்றோம்.

"அழுவாத பாய்" என்றாள் அவள். "டீ குடிச்ச வாயி ஊதுனதுக்கே கிழியுதுன்னா அது நமக்கு ஆவாது. வேற தாள் போடுவோம்."

மூலையில் ஏகவள்ளி வீட்டு சீலிங் ஃபேன் பழுதுக்கு வந்து கிடந்தது, பதினொரு வருஷம் கருவாட்டு வாசத்துக்கு நடுவில் சுற்றிக் களைத்துப்போன ஃபேன். அதன் கண்டென்சரை உடைத்தாள். உள்ளே மெல்லிய அலுமினியத் தாள் சுருட்டிச் சுருட்டி வைத்திருந்தது, அதைப் பிரித்து, கண்ணாடிமேல் விரித்து, புது பிளேடால் கீறி, டேபிள் ஃபேன் கழுத்திலிருந்து எடுத்த இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவில் விட்டு இழுத்தாள். நெளிநெளியாக வெளியே வந்தது, பார்க்க ரிப்பன் பக்கோடா மாதிரியே இருந்தது. ஒன்பது தாள் வீணாயின. அவள் காந்தங்களுக்கு நடுவில் தாளைப் பொருத்தும்போதெல்லாம் கடையில் இருந்த நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். பத்தாவது உட்கார்ந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் ஆம்பின் துணியிலிருந்து ஒரு சாண் தள்ளி, கூம்பின் நடுவைவிட்டு ஓரமாக, கொஞ்சம் சாய்த்து அந்த மைக்கை நிறுத்தினாள். பாய் வாயைக் கட்டிக்கொண்டு ஹெட்போனை மாட்டினார். அவள் ஆறு கம்பியையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினாள். எங்கள் சத்தத்துக்கு ஐந்து மாதமாகச் செத்துக் கிடந்த ரெக்கார்டர் முள் எழுந்து ஆடியது. மைக்குக்குப் பின்னால் வாசலில் நின்று, "இன்னா, எதுனா ஏறுச்சா?" என்று ஏகவள்ளி கேட்டாள். பாய் ஹெட்போனைக் கழற்றி அதையும் பார்த்து அவளையும் பார்த்தார்.

"நீ ஏறிட்ட ஏகவள்ளி!" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து.

கிடார் நின்றதும் பின்பக்கமும் அடைந்துபோனது. மறுபடி வாசித்தால் மறுபடி திறந்தது. முன்னால் ஆம்பு ஒலிக்கும் மட்டும் பின்னால் நிற்பவர் பேசுவது ஏறும், நேர் பின்னால் நிற்க வேண்டும், ஒரு முழம் விலகினால் செவிட்டுப் பக்கம். தாள் எங்கள் காற்றில் சுற்றிய ஃபேனுடையது, அதனால்தான் எங்களைத் தெரிகிறது என்று பாய் ஒரு காரணம் சொன்னார். கதை விடாதே பாய் என்று அவள் சொல்லிவிட்டாள், நாங்களும் அதோடு விட்டுவிட்டோம்.

பாய் அந்த மைக்கிலிருந்து ஒரு ஒயரை இழுத்து போனில் கொடுத்தார், மறுநாளிலிருந்து கடை வாசலில் வரிசை நின்றது. மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச மெதுவான வாசிப்பு, கேஸ் சிலிண்டர் சொல்ல ஒரே ஒரு தட்டு, வெளிநாட்டில் இருக்கும் மகனோடு பேச அவன் சின்ன வயதில் கேட்ட பாட்டு என்று வந்தவர் வேலைக்குத் தக்கபடி பெர்பெத்துவா விரல் தேய வாசித்தாள். வேதமாணிக்கம் தன் வேலை போனதில் சந்தோஷப்பட்டுத் தானும் வந்து நின்று கேட்டார். முதல் ஆளாகப் பேசியவள் ஏகவள்ளி. தம்பி போனை எடுத்ததும், பங்குனியில் பாதியில் நின்ற கேள்வியின் மிச்சத்தை, நலமா என்றுகூடக் கேட்காமல், "வந்துச்சா இல்லியாடா?" என்று முடித்தாள். அந்தப் பக்கம் அவன் விசும்பிக்கொண்டே, "வந்து அஞ்சு மாசம் ஆவுதுக்கா" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நாங்கள் ஆம்பை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு சமூகக்கூடத்துக்குப் போனோம். விசாரணை அதிகாரி மேடையிலிருந்தே கையை நீட்டி, "என்ன இது? இங்க கச்சேரியா நடக்குது?" என்றார்.

பெர்பெத்துவா விசாரணை நோட்டீசை விரித்தாள். "பன்னண்டு நிபந்தன போட்டிருக்கீங்க சார். ஆயுதம் கூடாது, கோஷம் கூடாது, கொடி கூடாது, மேடையில செருப்பு கூடாது. கிடார் கூடாதுன்னு எந்த நம்பர்ல சார் இருக்கு?"

தட்டச்சு செய்ய வந்திருந்த வசுந்தரா என்ற அம்மாள் தன்னிடமிருந்த தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். "இல்ல சார்" என்றார்.

"மைக் எங்க மைக்தான் வைக்கணும்" என்றார் அதிகாரி.

"உங்க மைக்குலதான் சார் போன தபா பேசுனோம்" என்றாள் ஏகவள்ளி. "ஃபேனு நல்லாப் பேசிச்சுன்னு லெட்டர் போட்டீங்க."

கூட்டத்தில் வெளி ஆட்களும் இருந்தார்கள், பத்திரிகைக்காரர் ஒருவர்கூட இருந்தார். அதிகாரி யோசித்துவிட்டு, பதிவு அரசாங்க ரெக்கார்டரில்தான் ஏற வேண்டும், மைக் எது என்பதில் தனக்கு அக்கறை இல்லை என்றார். பாய் வாய்க்கட்டோடு போய் ஒயரை மாட்டினார். பக்கவாட்டு செவிடு என்பதால் நாங்கள் மைக்கின் நேர் பின்னால் ஒருவர் பின் ஒருவராக நின்றோம், இருபத்தாறு வீடும் ஒரே கோடாக, கூடத்தைத் தாண்டி, படி இறங்கி, சாலை வரைக்கும் நின்றோம். நாங்கள் என்றைக்கும் ஒரே வரிசைதான், வீடு நிற்கிற மாதிரியே நின்றோம். என் வீடு என்ன ஆகுமோ என்று நினைத்தபடி முன்னால் நின்ற பதினாறாம் நம்பர் வீட்டுக்காரியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

வசுந்தரா அம்மாள் ரெக்கார்டரை ஓட விட்டார். பெர்பெத்துவா அடிக் கம்பியைத் தட்டினாள். அவள் ஆம்பின் முன்னாலேயே கிடாரோடு நின்றதால் அந்தச் சத்தம் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு, தணியாமல், உறுமிக்கொண்டே நின்றது. முதல் ஆளாகப் பேச ஒன்றாம் நம்பர் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

அப்போது அதிகாரி, "இருங்க, இருங்க. இது மைக்குதானா, இல்ல தகர டப்பாவான்னு பாத்துடறேன்" என்று மேடையிலிருந்து இறங்கி வந்தார். மைக்குக்கு முன்னால் குனிந்தார். கன்னத்தை உப்பினார். சித்திரையில் எங்கள் சுவருக்கு முன்னால் அந்த இன்ஜினியர் உப்பிய அதே உப்பல். பெர்பெத்துவாவின் இரண்டு கையும் கிடாரில் இருந்தன, பாய் கட்டிய வாயோடு ஓடி வந்தார், எட்டவில்லை.

முதலில் கத்தியது யார் என்பதில் லைனில் இன்றைக்கும் சண்டை. இருபத்தாறு வீடும் நான்தான் என்கிறது. பிறந்ததிலிருந்து அதிகாரிகளை சார் என்று மட்டுமே கூப்பிட்டு, வாங்க, சொல்லுங்க, பாத்து செய்யுங்க என்று ங்க போட்டுப் போட்டே வாய் தேய்ந்த நாங்கள், அந்தக் கணத்தில் சாரையும் மறந்தோம், ங்கவையும் மறந்தோம், கூடத்திலிருந்து சாலை வரை நின்ற அத்தனை வாயும் ஒரே வாயாகத் திறந்து கத்தினோம்.

"ஊதாதே!"

அவர் ஊதினார். தாள் கிழிந்தது. ஆம்பு உறுமிக்கொண்டிருந்தது, ரெக்கார்டரின் முள் படுத்துவிட்டது.

அதிகாரி நிமிர்ந்து கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "மைக் வேலை செய்யல. நீங்களே கொண்டுவந்த மைக். எழுதிக்கங்க வசுந்தரா, ஆட்சேபணை எதுவும் பதிவாக..."

"சார்" என்றார் வசுந்தரா அம்மாள். "ஒண்ணு பதிவாகியிருக்கு."

அவர் ரெக்கார்டரைப் பின்னால் ஓட்டி, கூடத்து ஸ்பீக்கரில் போட்டார். முதலில் கிடாரின் உறுமல் வந்தது, அதன் மேல் அதிகாரியின் செருப்புச் சத்தம் வந்தது, அப்புறம் நாங்கள் வந்தோம். நூற்றுச் சொச்சம் பேர், ஆணும் பெண்ணும், கட்டைக் குரலும் கீச்சுக் குரலும், ஏகவள்ளியின் உடைந்த குரல் தனியாகத் தெரிய, என் குரலும் எனக்கே அடையாளம் தெரிய, ஊதாதே என்று கூடத்தின் ஜன்னல் அதிர வந்தோம். ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரு மிஷினிலிருந்து எங்களை நாங்கள் கேட்டோம். ஏகவள்ளி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் அழுதேன், அதில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

"அதை அழிச்சுடுங்க. அது ஆட்சேபணை இல்ல" என்றார் அதிகாரி.

"பதிவானத அழிக்க ரூல் இல்லியே சார். இன்னொரு விசாரணையும் வைக்க முடியாது, மறுவிசாரணை ஒரே தடவதான்" என்றார் வசுந்தரா அம்மாள்.

அதிகாரி மைக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், குரலைத் தணித்துக்கொண்டார். "சரி, ஊதாதீங்கன்னாவது போடுங்க."

"பதிவு ஊதாதேன்னுதான் சார் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வசுந்தரா அம்மாள் தட்டச்சு செய்தார். ஆட்சேபணை எண் ஒன்று. ஆட்சேபித்தவர்கள், பீப்பாய் லைன், வீட்டு எண் ஒன்று முதல் இருபத்தாறு வரை. ஆட்சேபணை விவரம், ஊதாதே.

பதிவான ஒவ்வொரு ஆட்சேபணையையும் ஏன் ஏற்கவில்லை என்று ஒரு அதிகாரி காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டைத் தொட முடியும் என்பது அவர்களே போட்ட விதி. ஊதாதே என்பதை ஏற்க முடியாது என்று எழுத வேண்டுமானால், ஊதுவோம் என்று ஒருவர் எழுதி, அடியில் தன் பெயரையும் பதவியையும் போட வேண்டும். விசாரணை அதிகாரி எழுதாமல் மேலே அனுப்பினார். மேலே இருந்தவர் கருத்துக் கேட்டுப் பக்கத்து மேசைக்கு அனுப்பினார். பக்கத்து மேசைக்காரர், ஊதியது யார், எதை, எந்த விதியின் கீழ் என்று மூன்று கேள்வி எழுதிக் கீழே அனுப்பினார். கோப்பு இப்போது எந்த மேசையில் இருக்கிறதோ தெரியவில்லை, வாய்விட்டு ஊதுகிறவர்களில் ஒருவருக்கும் கையெழுத்துப் போட்டு ஊதுகிற தைரியம் இல்லை.

மற்ற மைக்குகளுக்கு எங்கள் குரல் இன்றைக்கும் கேட்பதில்லை, கேட்காவிட்டால் போகட்டும். லைனின் முகப்பில் விரிக்காத பீப்பாய் ஒன்றை நிறுத்தி, தாராலேயே அதன்மேல் அந்த ஒரு வார்த்தையை எழுதிவைத்திருக்கிறோம், தஸ்தகீர் பாய் லைனுக்குள் வரும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடுகிறார். பெர்பெத்துவா மைக்குக்கு வேறு தாள் போட்டுவிட்டாள், இந்தத் தடவை தாளும் ஏகவள்ளி வீட்டு ஃபேனுடையதுதான், கண்டென்சரில் மிச்சம் இருந்தது. அதையும் யாராவது வந்து ஊதிக் கிழிக்கட்டும். எங்களிடம் இன்னும் இருபத்தைந்து வீட்டு ஃபேன் இருக்கிறது.